யாகி என்ற சொல்லின் வரலாறு

1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் மாலை, புக்கிட் தீமாவிலிருந்த போர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் கையெழுத்திட, சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை இந்நாட்டு மூத்தோர் தம் பிள்ளைகட்குச் சொல்லியிருக்கின்றனர், நூல்களிலும் எழுதியிருக்கின்றனர். ஆனால் அந்நாட்களில் இதே மண்ணில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று நம்மவர் பேச்சில் அதிகம் அடிபட்டதில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் நம் வீட்டுக் கூரைகளில் நின்ற ஒரு பொருளோடு அதற்குத் தொடர்பு உண்டு.

படைகள் நுழைந்த பின்னர், பகைவர் விட்டுச் சென்ற கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் எஞ்சினியர் குழுவொன்றும் சிங்கைக்கு வந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் சர்ச் லைட்டுகளுக்கும் இலக்குக் காட்டி வந்த ரேடார்க் கருவிகளையே அவர்கள் முக்கியமாகத் தேடினார்கள். பிரிட்டிஷார் இயன்ற மட்டும் உடைத்துவிட்டே சரணடைந்திருந்தனர். ஆயினும் ரேடார்ப் பயிற்சி பெற்ற சிப்பாய் ஒருவர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் அழியாமல் அகப்பட்டுவிட்டன. சர்ச் லைட்டுடன் இணைந்த ரேடார் எவ்வாறு வேலை செய்கிறது என்பது அவற்றில் விளக்கப்பட்டிருந்தது. வந்த எஞ்சினியர்கள் தேர்ந்தவர்கள். குறிப்புகளில் பெரும்பகுதி அவர்களுக்கு எளிதில் விளங்கிவிட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் விளங்கவில்லை. ஏரியலைப் பற்றிப் பேசும் இடங்களில் நான்கு ஆங்கில எழுத்துகளாலான ஒரு சொல் அதன் முன்னே நின்றது. அகராதியில் அச்சொல் இல்லை. சில சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டிய சுருக்கமோ, இராணுவத்தார் வைத்த மறைபெயரோ என்று ஐயுற்றனர். அதை "யாகி" என்று படிப்பதா, "யாஜி" என்று படிப்பதா என்பதும் அவர்களுக்குத் துணியக் கூடவில்லை.

முடிவில், போர்க் கைதியாயிருந்த அந்தச் சிப்பாயையே அழைத்துக் கேட்டார்கள். தம்மைச் சோதிக்கிறார்களோ என்று அவர் திகைத்தாராம். அஃது இந்த ஏரியலைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்பதே அவர் கொடுத்த விடை. பகைவர் இட்டுக்கட்டிய கதையன்று இது. ஜப்பானிய எஞ்சினியர்களே பின்னாளில் எழுதி வைத்த செய்தி.

யாகி என்பது ஜப்பானில் அருமையான பெயரும் அன்று. எட்டு, மரம் என்ற இரண்டு சித்திர எழுத்துகளால் அதை எழுதுவர். வரிசையாகக் கம்பிகள் நிற்கும் ஏரியலுக்கு எட்டு மரத்தார் பெயர் அமைந்தது தற்செயலே எனினும் பொருத்தமானதே. அவ்வெழுத்துகளில் கண்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தம் நாட்டுப் பெயர் அயலார் எழுத்தில் உருமாறி வந்தபோது தெரியாமற் போயிற்று. எழுத்து மாறியது மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியுமானால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

சென்டாய் நகரின் ஆய்வுக்கூடம்

ஹிடெட்சுகு யாகி 1886 இல் ஒசாகாவிற் பிறந்தவர். தோக்கியோவில் மின்சார எஞ்சினியரிங் கற்று 1909 இல் பட்டம் பெற்றார். 1913 இல் ஐரோப்பா சென்று, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பேராசிரியர் பார்க்ஹவுசனிடம் பயின்றார். அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டமையால் ஜெர்மனிக்குத் திரும்ப இயலாது லண்டன் சேர்ந்து, ரேடியோ வால்வைக் கண்டுபிடித்த பிளெமிங்கிடம் பாடங் கேட்டார். பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பியர்ஸ் என்பாரிடமும் இருந்தார். அக்காலத்து ரேடியோ விஞ்ஞானத்தின் மூன்று பெரிய ஆசான்களிடம் ஒருவரே பாடங் கேட்பது எளிதிற் கிட்டும் பேறன்று. ஊர் திரும்பியதும், ஜப்பானின் வடகிழக்கே சென்டாய் நகரத்திலுள்ள தோஹோக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேடியோ என்றால் நீண்ட அலைகள். அலைநீளம் கிலோமீட்டர்க் கணக்கில் இருந்தது. அதற்கேற்ப ஏரியல் கோபுரங்களும் வானளாவி நின்றன. குற்றலைகளை வானொலிப் பிரியர்களின் விளையாட்டென்று அதிகாரிகள் ஒதுக்கிய காலமும் இருந்தது. யாகி அதற்கு நேர் எதிர்ப்புறம் திரும்பினார். சில மீட்டர் நீளமே உள்ள அலை, அதனினும் குறுகிய சென்டிமீட்டர் அலை ஆகியவற்றில்தான் எதிர்காலம் இருக்கிறதென்று அவர் நம்பினார். அவ்வலைகளை விளக்கொளி போல ஒரே திசையில் குவிக்கலாம் என்பது அதற்குக் காரணம்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் 1924 இல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் ஷின்டாரோ உடா; 1896 இல் தோயாமா மாநிலத்திற் பிறந்தவர். அலையின் பாதையில் நிறுத்திய உலோகக் கம்பி அவ்வலையை வாங்கித் தானும் வீசும் என்பது முன்னரே அறிந்த செய்தி. கம்பியின் நீளத்தையும் இடைவெளியையும் ஒழுங்காக மாற்றிக்கொண்டே போனால் என்ன நேரும் என்று பொறுமையோடு அளந்து பார்த்தவர் உடா. 4 மீட்டரை ஒட்டிய அலைகளை உண்டாக்கி, கம்பிகளை நட்டு, பிடுங்கி, நறுக்கி, மீண்டும் நட்டு, திசைதோறும் அலையின் வலிமையைக் குறித்துக்கொண்டு போகும் வேலை அது. கண்டுபிடிப்பு என்றதும் ஒரு மின்னலை எண்ணிக்கொள்கிறோம். சென்டாயில் நடந்ததோ பெரும்பாலும் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்த நடை.

ஊஞ்சலும் கம்பியும்

அந்த ஏரியலின் அமைப்பைப் பார்த்திராதவர் இல்லை. ஒரு தண்டின் மேல் மீன் முள்ளைப் போலக் குறுக்குக் கம்பிகள். அவற்றுள் ஒன்றே ஒன்றில்தான் மின்கம்பி இணைக்கப்பட்டிருக்கும். அதன் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. ஏனைய கம்பிகளில் எந்தக் கம்பியும் இணைக்கப்படுவதில்லை. அவை வெறுமனே நிற்கின்றன. வெறுமனே நிற்பவை எப்படி வேலை செய்கின்றன என்பதே இங்கு வியப்பு.

வீட்டு முற்றத்தில் ஊஞ்சல் கட்டி ஆட்டியவர்களுக்கு இது விளங்கக்கூடும். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் இயல்பான ஒரு வேகம் உண்டு. கயிறு நீளமானால் மெதுவாகவும் குட்டையானால் விரைவாகவும் ஆடும். ஒரே கணக்கான தாளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால், நீளக் கயிற்று ஊஞ்சல் தள்ளுகின்ற கைக்குப் பிந்தி ஆடும். குட்டைக் கயிற்று ஊஞ்சல் கையோடு ஒட்டி முந்திக்கொள்ளும். கம்பிகளிலும் அவ்வாறே. அரை அலையினும் சற்று நீண்ட கம்பியைப் பின்புறம் நிறுத்தினால், அதில் எழும் மின்னோட்டம் பிந்தி ஓடும். சற்றுக் குட்டையான கம்பிகளை முன்புறம் நிறுத்தினால், அவற்றில் எழும் ஓட்டம் முந்தும். இடைவெளி தக்கபடி இருந்தால், எல்லாக் கம்பிகளும் வீசுகின்ற அலைகள் முன்திசையில் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. பின்திசையில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பின்னால் ஒன்று போதும். முன்னால் சேர்க்கச் சேர்க்கக் கற்றை கூர்மையாகும். அலையை அனுப்பும்போது இவ்வாறென்றால், வாங்கும்போதும் அதே திசையில் வருவதைத்தான் நன்றாக வாங்கும். இயந்திரம் இல்லை, ஓடும் பாகம் இல்லை; இரும்புக்கடையில் வாங்கிய குழாயும் ஒரு ரம்பமும் இருந்தால் செய்துவிடலாம். விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு மலிவான பெரும் பொருள்கள் சிலவே.

உடா தம் முடிவுகளை, "குறுமின்னலைகளின் கம்பியிலாக் கற்றை" என்று பொருள்படும் ஒரே தலைப்பில், ஜப்பானிய மின்சார எஞ்சினியர் கழகத்தின் இதழில் 1926 முதல் 1929 வரை 11 கட்டுரைகளாக எழுதினார். யாவும் ஜப்பானிய மொழியில். 1926 இல் யாகியும் உடாவும் சேர்ந்து பேரரசுக் கழகத்தின் ஏட்டில் ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். சில ஆண்டுகள் கழிந்து, 1930 ஐ ஒட்டிய காலத்தில், சகாட்டா துறைமுகத்துக்கும் தோபிஷிமா தீவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து இக்கம்பிகள் பேச்சைக் கொண்டு சென்றன.

பெயர் கடல் கடந்த விதம்

1928 இல் யாகி அமெரிக்கா சென்றார். ரேடியோ எஞ்சினியர் கழகத்தின் கூட்டங்களில் பேசினார். அவ்வாண்டு ஜூன் மாதம் அக்கழகத்தின் இதழில் அவருடைய ஆங்கிலக் கட்டுரை வெளிவந்தது. கேட்டவர்களுள் ஒருவரான டெல்லிங்கர், அமெரிக்க அரசின் அளவுத்தர நிலையத்தில் ரேடியோப் பிரிவின் தலைவர். இக்கட்டுரை நிலைபெற்ற நூல்களின் வரிசையில் சேரும் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

அக்கட்டுரையில் யாகி தம் உதவியாளர் உடாவின் உழைப்பைக் குறிப்பிடத் தவறவில்லை. ஆயினும் கட்டுரையின் தலைப்பின் கீழே ஒரே பெயர்தான் இருந்தது. முன்னதாக 1925 இறுதியில் ஜப்பானில் கேட்டுப் பெற்ற காப்புரிமையும் யாகி ஒருவர் பெயரிலேயே அமைந்தது. வெளிநாட்டு உரிமைகள் பின்னர் பிரிட்டனில் மார்க்கோனி கம்பெனிக்கும் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கும் சென்றன. மேலைநாட்டார் ஜப்பானிய மொழி இதழைப் புரட்டவில்லை. அவர்கள் படித்தது ஆங்கிலக் கட்டுரையை. ஆகவே "யாகி ஏரியல்" என்றே வழங்கலாயினர். உடா பெயர் ஜப்பானியக் கடலோரத்தில் நின்றுவிட்டது.

ஆசிரியர் மாணாக்கரின் உழைப்பைக் கவர்ந்துகொண்டார் என்று இதனைச் சிலர் சொல்வதுண்டு. அவ்வாறு சொல்வது நியாயமன்று. எந்தத் துறையில் தேட வேண்டுமென்று கண்டவர் யாகி. ஆய்வுக்கூடத்தை உண்டாக்கி, இளைஞர்களைச் சேர்த்து, கேள்வியைக் கொடுத்தவரும் அவரே. பிற்காலத்தில் ஒசாகாப் பல்கலைக்கழகத்தில் அவர் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தபோது, அவர் கீழிருந்த யுகாவா என்ற இளைஞர்தான் 1935 இல் மீசான் கொள்கையை வெளியிட்டு 1949 இல் நோபெல் பரிசு பெற்றார். நல்ல ஆசானுக்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆயினும் காப்புரிமைத் தாளில் இரண்டு பெயர்களை எழுத இடம் இருந்தது. அளந்தவன் பெயர் அதில் இல்லாமற் போனதைப் பழக்கம் என்று சொல்லலாம். அக்காலத்து ஜப்பானில் பேராசிரியரின் கூடத்தில் விளைந்தது பேராசிரியருடையதே. பழக்கம் என்பதால் அது குறையாகாமற் போய்விடுவதில்லை.

வீட்டில் கிடந்த விளக்கு

1928 ஆம் ஆண்டுக் கட்டுரையில் மற்றொரு பகுதியும் உண்டு. குறுகிய அலைகளை வாங்குவதற்கு ஏரியல் இருந்தால் மட்டும் போதுமா? அவற்றை உண்டாக்க வேண்டுமே. சாதாரண வால்வுகள் மீட்டர் அலைகளோடு தளர்ந்துவிடும். அவற்றுள் ஓடும் எலெக்ட்ரான்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர்வதற்குள் அலை திரும்பிவிடுவதே காரணம். அமெரிக்காவில் ஹல் என்பார் 1921 இல் விவரித்த மேக்னெட்ரான் என்ற வால்வில், காந்தம் எலெக்ட்ரான்களை வட்டமிடச் செய்தது. அதன் உலோக உருளையை இரண்டாகப் பிளந்தால் சென்டிமீட்டர்க் கணக்கான மிகக் குறுகிய அலைகள் பிறக்கின்றன என்று 1927 இல் கண்டவர் கின்ஜிரோ ஒக்காபே. அவரும் யாகியின் கூடத்தைச் சேர்ந்தவரே. யாகி அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொன்ன இரண்டாவது செய்தி இதுதான். ஆக, நுண்ணலைகளை உண்டாக்கும் வால்வு, குறுகிய அலைகளைத் திசைப்படுத்தும் ஏரியல் ஆகிய இரண்டுக்குமே சென்டாயில் வழி பிறந்துவிட்டது. ரேடாருக்கு அடிப்படை இவை இரண்டும்.

ஒக்காபே தொடங்கிய வழியிலே ஜப்பானியர் மேலும் சென்றார்கள். கடற்படை எஞ்சினியர் யோஜி இட்டோவும், ஜப்பான் ரேடியோ கம்பெனியிலிருந்த அவருடைய தம்பி ஷிகேரு நாக்காஜிமாவும் 1939 இல் ஒரு மேக்னெட்ரானை உருவாக்கினர். அது 10 சென்டிமீட்டர் அலையில் 500 வாட்டு வலிமை தந்தது, தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. பிரிட்டனில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகிய இருவர் தங்கள் மேக்னெட்ரானை முதன்முதல் ஓட்டியது 1940 பிப்ரவரி 21 ஆம் நாள். அதுவும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஏறத்தாழ 400 வாட்டு. உலகத்தின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் அறியாமல், ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே பொருளை அடைந்திருக்கிறார்கள். முந்தியவர் ஜப்பானியர்.

பிந்தியவர்கள் செய்தது என்ன? 1940 செப்டம்பரில், டிசார்டு என்பாரின் தூதுக்குழு பர்மிங்ஹாம் மேக்னெட்ரானை ஒரு பெட்டியில் வைத்து அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கியிருக்கவில்லை. மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடமே எழும்பிற்று. நாட்டின் பௌதிகப் பேராசிரியர்கள் பலர் அங்கே வந்து சேர்ந்தனர். ஜப்பானிலோ இராணுவமும் கடற்படையும் தமக்குள்ளேயே கருவிகளை மறைத்துக்கொண்டன. இருட்டில் எதிரியைத் தேடுகிறவன் கையில் விளக்கைப் பிடித்தால் அவனைத்தான் முதலில் காண்பார்கள், ரேடியோ அலையை வீசுவதும் அப்படித்தான் என்ற எண்ணம் கடற்படை அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. கேட்கும்போது அறிவுடைய பேச்சாகவே தோன்றும். பேராசிரியர்களைக் கலந்து கேட்பதும் குறைவு. நாக்காஜிமாவின் மேக்னெட்ரானைக் கொண்டு கப்பல் ரேடார் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் அதனோடு சேர வேண்டிய ஏனைய பாகங்கள் பிந்தின, ஆட்களும் பிந்தினர்.

ஏரியலின் கதையும் அதுவே. பிரிட்டிஷ் கடற்காவல் விமானங்களின் இறக்கைகளுக்கு அடியில் யாகி கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரவிலும் மேகத்திலும் கப்பலைத் தேடிப் போக அவை வழிகாட்டின. சிங்கையைக் காத்த சர்ச் லைட் ரேடார்களில் 1.5 மீட்டர் அலைக்கு அளவெடுத்த யாகி கம்பிகள் இருந்தன. பிறந்த ஊரிலோ இராணுவத்தார் அதைப் பொருட்படுத்தவில்லை. புத்தகங்களில் இருந்தது, கருவிகளில் இல்லை. எனவேதான் அந்த நான்கு எழுத்துகள் படிக்க முடியாத எழுத்துகளாக நின்றன. கைப்பற்றிய கருவிகள் ஜப்பானுக்குக் கப்பலேறின. அவற்றைப் பார்த்து ஜப்பானிய ரேடார்கள் செய்யப்பட்டன. சென்டாயில் பிறந்த குழந்தை, லண்டன் சென்று வளர்ந்து, சிங்கை வழியாக வீடு திரும்பியது எனலாம்.

திரும்பிய வழி அஃதொன்றே என்றிருந்தால் நன்றாயிருக்கும். 1945 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஹிரோஷிமாவின் மேலும் 9 ஆம் நாள் நாகசாக்கியின் மேலும் வீசப்பட்ட அணுகுண்டுகள் தரையில் விழுந்து வெடிக்கவில்லை. முன்னது ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலும் பின்னது ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் வெடித்தன. அந்த உயரத்தை அளந்து சொன்னவை குண்டினுள் வைத்த சிறு ரேடார்கள். விமானங்களின் வாலில் பொருத்தும் எச்சரிக்கை ரேடாரை மாற்றி அமைத்த கருவிகள் அவை. குண்டின் மேற்புறத்தில் அவற்றின் ஏரியல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை யாகி ஏரியல்கள்.

கூரைக்கு வந்தது

போருக்குப் பின்னர் அறிவாளர் உலகம் யாகியை மறக்கவில்லை. 1946 இல் ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1952 இல் ஏரியல் செய்யும் கம்பெனி ஒன்று அவர் பெயரிலேயே, அவரையே தலைவராகக் கொண்டு தொடங்கிற்று. மறு ஆண்டே ஜப்பானில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. 1956 இல் நாட்டின் உயர்ந்த பண்பாட்டு விருதையும் பெற்றார். ஒக்காபேக்கு அவ்விருது போர்க்காலத்திலேயே, 1944 இல் கிடைத்துவிட்டது.

உடா சென்டாயிலேயே பேராசிரியராக இருந்து பணியாற்றினார். 1954 இல் அவரும் முஷியாக்கே என்ற பேராசிரியரும் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டனர். "யாகி-உடா ஏரியல்" என்பது அதன் பெயர். கால் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதாமல் விட்டதை அந்நூல் எழுதிற்று; உலகத்தார் வாயில் இரண்டு பெயர்களும் சேர்ந்து நுழையத் தொடங்கியது அதன் பின்னரே. அடுத்த ஆண்டு யுனெஸ்கோவின் நிபுணராக உடா இந்தியாவுக்கு வந்தார். 1958 வரை புதுடில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருந்து, நுண்ணலை எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக்கு உதவினார். விடுதலை பெற்று எட்டாண்டுகளே ஆன நாட்டில் அத்துறை அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. இந்தியர் பலர் யாகி ஏரியலை அறிவர். அதை அளந்தெடுத்த கைகள் மூன்றாண்டுகள் டில்லியில் வேலை செய்தன என்பதை அறிந்தவர் சிலர்.

யாகியும் உடாவும் ஒரே ஆண்டில், 1976 இல், காலமானார்கள். ஆசிரியர் ஜனவரியில், மாணாக்கர் ஆகஸ்டில்.

இனி இந்நாட்டுக் கூரைகள். சிங்கப்பூரில் டெலிவிஷன் தொடங்கிய நாள் 1963 பிப்ரவரி 15. நகரம் வீழ்ந்து அன்றைக்குச் சரியாக 21 ஆண்டுகள். நாளைக் குறித்தவர்கள் இதை எண்ணிக் குறித்தார்களோ இல்லையோ, கணக்கு அவ்வாறு அமைந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் கோலாலம்பூரிலும் டெலிவிஷன் தொடங்கிற்று. அதன் பின் தோட்டத்து லயன் வீடுகள் முதல் அடுக்குமாடி வரை மூங்கிற் கழியிலும் இரும்புக் குழாயிலும் இம்மீன்முட்கள் ஏறின. படம் தெளியாதபோது வீட்டில் ஒருவர் கூரையேறிக் கழியைத் திருப்ப, உள்ளிருந்து ஒருவர் "போதும், போதும்" என்று கூவியதை நினைவில் வைத்திருப்போர் பலர். அவர்கள் திருப்பியது கற்றையின் திசையை. சிங்கப்பூரின் 5 ஆம் ஒளிவழி ஏறத்தாழ 175 மெகாஹெர்ட்சில் ஓடிற்று, அலைநீளம் 1.7 மீட்டர், அதற்குரிய கம்பி ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். 1942 இல் சிங்கையில் பிடிபட்ட சர்ச் லைட் ரேடாரின் கம்பி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். இரண்டுக்கும் ஒரு சாண்கூட வேறுபாடில்லை.

பழைய முறை ஒளிபரப்பு 2019 ஆம் ஆண்டு இரு நாடுகளிலும் முடிவுற்றது. சிங்கப்பூரில் ஜனவரி தொடக்கத்தில், மலேசியாவில் அக்டோபர் இறுதியில். புதிய இலக்கமுறை ஒளிபரப்பையும் இதே வகைக் கம்பிகள் வாங்கும்; முன்னைவிடக் குட்டைக் கம்பிகள், அவ்வளவே.

அளவு சுருங்கச் சுருங்க

சென்டாய்க் கம்பிகளின் சிறப்பு, அவை நீளங்களின் விகிதத்தால் வேலை செய்வதே. அலை சுருங்கினால் கம்பியையும் அதே விகிதத்தில் சுருக்கினாற் போதும் என்பது யாகியின் காலத்திலேயே தெரிந்த கணக்கு. எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்பது அண்மைக் கால ஆராய்ச்சிகள் காட்டும் வியப்பு. 1998 ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் பேராசிரியர் இட்டோவின் குழுவினர், கழியும் குழாயும் இன்றி, மின்சுற்றுப் பலகையின் மேல் செப்புக் கோடுகளாகவே யாகி வரிசையை அச்சிட்டுக் காட்டினர். கம்பி போய்க் கோடாயிற்று. பலகையின் ஓரத்திலே அடங்கும் அத்தகைய ஏரியல்கள், மில்லிமீட்டர் அலைகளில் இயங்கும் தொலைபேசிக் கருவிகளுக்கும் ரேடார்களுக்குமான ஆராய்ச்சியில் இடம்பெற்று வருகின்றன. நூறு மீட்டர்க் கோபுரங்கள் நிமிர்ந்து நின்ற காலத்தில் மீட்டர் அலையைப் பற்றிப் பேசிய பேராசிரியர் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

1995 இல், முன்பு யாகியின் கட்டுரையை வெளியிட்ட கழகத்தின் வழிவந்த சர்வதேச மின்சார, எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர் நிறுவனம், தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதில் குறித்த ஆண்டு 1924; உடா பட்டம் பெற்ற ஆண்டு.

அலை இன்னும் சுருங்கிற்று. ஒளியும் மின்காந்த அலைதானே. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குரிய யாகி கம்பிகளைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு 2010 இல் இரண்டு இடங்களிலிருந்து விடை வந்தது. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் ஓர் ஆய்வுக் குழு, கண்ணாடியின் மேல் ஐந்து தங்கக் கம்பிகளை வரிசைப்படுத்தி, ஒற்றைத் துகள் ஒன்று வெளியிட்ட ஒளியை ஒரே திசையில் செலுத்திக் காட்டிற்று. மற்றொரு குழு, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள தங்கக் கம்பிகளைப் பின்னே நீளமாகவும் முன்னே குட்டையாகவும் நிறுத்தி, செந்நிற ஒளியைக் கற்றையாக்கிற்று. நீளமும் இடைவெளியும் உடா அளந்த அதே முறையில்தான் அமைந்திருந்தன. இரண்டாவது குழுவினர் வேலை செய்த இடம் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகம். அவர்களுடைய கட்டுரையின் தலைப்பில் யாகி, உடா என்ற இரண்டு பெயர்களும் உள்ளன.